கொடிவேரிப் பரிசலும் கடல் வயர்லெஸ்ஸும்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் கொடிவேரி அணையை அடையலாம். வழி நெடுக நெல்லும் கரும்பும் வாழையும் மஞ்சளும் பசுமை விரித்திருக்கும். அப்பசுமைக்குக் காரணமான தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இரண்டும் இந்த அணையிலிருந்தே பிரிகின்றன. விடுமுறை நாளென்றால் ஈரோடு, திருப்பூர், கோவைப் பகுதிகளிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவிவர். அணைச் சுவரில் அருவியெனச் சரியும் நீரில் குளிப்போர் ஒருபுறம். பொரித்த மீனைச் சுடச்சுட வாங்கி உண்போர் ஒருபுறம். பரிசலேறி ஆற்றில் உலா வருவோர் ஒருபுறம்.

அந்தப் பரிசலில் அமர்ந்து தண்ணீரைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழாமற் போகாது: இந்த இடத்தில் ஆபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது? கொடிவேரியில் விடை எளிது. கரை கண்ணெதிரே இருக்கிறது. பரிசலோட்டி உரக்கக் குரல் கொடுத்தால் கரையில் இருப்போர் திரும்பிப் பார்ப்பர்.

கடலில் நிலைமை வேறு. பவானி ஆறு பவானி நகரில் காவிரியோடு கலந்து, பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. கடல் இல்லாத நம் கொங்கு நாட்டுக் குடும்பங்களும் விடுமுறையென்றால் நாகூருக்கும் இராமேசுவரத்திற்கும் கன்னியாகுமரிக்கும் செல்கின்றன, படகேறவும் ஆசைப்படுகின்றன. கரையை விட்டுச் சில கிலோமீட்டர் சென்றதுமே மனிதக் குரல் பயனற்றுப் போகிறது. மேலும் சற்றுத் தொலைவு சென்றால் கைப்பேசியும் ஊமையாகிவிடும். கைப்பேசிக்கு மற்றொரு குறையும் உண்டு. அது நாம் அழைக்கும் ஒருவருக்கு மட்டுமே கேட்கும். வி.எச்.எஃப். எனப்படும் கடல் வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனலில் விடுக்கும் அழைப்போ, எட்டும் எல்லைக்குள் அதே சேனலைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாப் படகுகளுக்கும், கரை நிலையத்திற்கும் ஒருசேரக் கேட்கும். 156.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இச்சேனல், ஆபத்துக் கால அழைப்பிற்கென்று உலகெங்கும் ஒதுக்கப்பட்டது.

உல்லாசப் படகு வாங்க எண்ணுவோர் இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது வாட் கணக்கை மட்டுமே பார்ப்பதுண்டு. கையடக்கக் கருவி 5 அல்லது 6 வாட். படகில் பொருத்தும் கருவி 25 வாட். ஆயினும், இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவைத் தாண்டி வெகுதூரம் செல்லா. ஆகவே வாட்டைக் காட்டிலும் ஆண்டெனாவின் உயரமே முக்கியம். நீர்மட்டத்திற்கு 1 மீட்டர் மேலே கையில் பிடித்திருக்கும் கருவிக்கு அடிவானம் சுமார் 4 கிலோமீட்டர். 4 மீட்டர் உயரக் கம்பத்திலுள்ள ஆண்டெனாவிற்கு 8 கிலோமீட்டர். மறுமுனையில் கேட்பவரின் ஆண்டெனா உயரமும் இதனுடன் சேரும். கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால், அந்தப் படகின் அழைப்பு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை எட்டக்கூடும்.

டி.எஸ்.சி. என்னும் வசதி உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், படகின் 9 இலக்க அடையாள எண்ணையும், ஜி.பி.எஸ். இணைந்திருந்தால் படகு நிற்கும் இடத்தையும் கருவியே 70ஆம் சேனலில் அறிவித்துவிடும். பதற்றத்தில் நா குழறினாலும் செய்தி போய்ச் சேரும். கையடக்கக் கருவியாயின், நீர் புகாததாகவும், தண்ணீரில் விழுந்தால் மிதப்பதாகவும் இருத்தல் நலம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெற வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

இவை யாவும் இருந்தாலும் போதுமா? 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது, அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பலிலும் வயர்லெஸ் இருந்தது. ஆனால் அதனை இயக்கும் ஒரே ஊழியர் பணி முடித்து உறங்கச் சென்றுவிட்டார். அழைப்பைக் கேட்டு விரைந்தது தொலைவிலிருந்த கார்ப்பேத்தியா. கப்பல்களில் இரவும் பகலும் செவிமடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று 1914இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டது அதன் பின்னர்தான்.

நம் காலத்துப் பாடம் ஒக்கி. 2017 நவம்பர் இறுதியில் அப்புயல் எழுந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. கரை வயர்லெஸ்ஸின் எல்லைக்கு வெகு அப்பால் அவர்கள் இருந்தனர். அத்தகைய தொலைவிற்குச் செயற்கைக்கோள் வழிதான் உதவும். இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. 2024இல் அறிமுகமான அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, அழைப்பு கிடைத்துவிட்டது என்ற மறுமொழியையும் படகிற்கு அனுப்புகிறது. நடுக்கடலில் தத்தளிப்பவனுக்குத் தன் குரல் ஒரு செவியில் விழுந்தது என்னும் செய்தியே பாதி உயிர்.

ஆகவே, கருவியை விலை பேசுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நான் செல்லும் நீரில் என்னைக் கேட்பவர் யார்? கடலோரத்தில் மற்றப் படகுகள் உண்டு. கடலோரக் காவல்படை உண்டு. அதன் அவசரத் தொலைபேசி எண் 1554. பவானிசாகர் நீர்த்தேக்கத்திலோ கொடிவேரியிலோ 16ஆம் சேனலைக் கேட்டுக்கொண்டு எவரும் அமர்ந்திருப்பதில்லை. அங்கே விலை உயர்ந்த வயர்லெஸ் வெறும் அலங்காரம். கழுத்தில் ஒரு விசில், படகில் ஒரு நீண்ட கயிறு, கரையில் விழிப்புடன் ஒருவர், 112 எண்ணை அழைக்க ஒரு கைப்பேசி ஆகியவையே அங்கு வேண்டியவை.

எங்கும் முதலில் வேண்டியது உயிர்காப்பு மேலங்கி. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அழைப்பைக் கேட்டு உதவி வந்து சேரும் வரை மனிதனை நீரின் மேல் நிறுத்தி வைப்பது அந்த மேலங்கிதான்.

பிள்ளைகளோடு படகுத்துறைக்குச் செல்லும் பெற்றோர் இவற்றைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு அனுமதி? அத்தனை பேருக்கும் மேலங்கி உண்டா? ஆபத்தில் எவ்வாறு அழைப்பீர்கள்? கேட்பவர் யார்? தெளிவான விடை கிடைக்காத படகில் ஏறாமல் திரும்பினால் நட்டம் ஒன்றுமில்லை. கரையிலும் காற்று வீசும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கப் பொரித்த மீனும் கிடைக்கும்.