உறையோடு இருக்கட்டும்

பிரிக்ஃபீல்ட்ஸின் முக்கியச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் யார் என்று கேட்டால் ம.இ.கா. தலைவர் என்பார்கள், தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் என்பார்கள். அவர் நாட்டின் தபால் அமைச்சராகவும் இருந்தவர் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா உருவானபோது, புதிய நாட்டின் வரைபடத்தோடு மூன்று நினைவுத் தபால்தலைகள் வெளிவந்தன. அப்போது பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்புத் துறை அவர் கையில்தான் இருந்தது.

அந்தச் சாலையை ஒட்டியே கே.எல். சென்ட்ரல் நிலையம். தபால்தலை மீது கொஞ்சம் ஆசை உள்ளவர்கள் ஒரு வார இறுதியில் இங்கிருந்து இரண்டு ரயில் பயணம் போகலாம்.

முதல் பயணம் கிளானா ஜெயா எல்.ஆர்.டி.யில். தாமான் ஜெயாவில் இறங்கினால் பக்கத்திலேயே அம்கோர்ப் மால். வார இறுதிகளில் அங்கு பழைய பொருள் சந்தை கூடும். பழைய இசைத்தட்டு, கடிகாரம், நாணயங்களுக்கு நடுவே தபால்தலை ஆல்பங்களும் கண்ணில் படும்.

"தாத்தா வைத்திருந்தது, இன்றைக்கு ஆயிரக்கணக்கில் போகும்" என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பரவலாக உண்டு. சந்தையின் கணக்கு வேறு. 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி வெளியான 10 காசு சுதந்திரத் தபால்தலையை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் சூழ துங்கு அப்துல் ரஹ்மான் நிற்கும் படம். நம் வரலாற்றில் அதைவிடப் பெரிய நாள் உண்டா? ஆனாலும் அது மலிவாகவே கிடைக்கிறது. முக்கியமான நாள் என்பதாலேயே அதைப் பலரும் வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். எல்லாரும் சேர்த்து வைத்த பொருள் எப்படி அரிதாகும்?

விலையைத் தீர்மானிப்பது வயதல்ல. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவைதான். பல்விளிம்பு முழுதாக இருக்கிறதா, பின்புறப் பசை கெடாமல் இருக்கிறதா, பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பசை சீக்கிரம் கெடும். கேட்லாக்கில் அச்சிட்டிருக்கும் விலையை வியாபாரி தருவார் என்றும் எண்ண வேண்டாம். அது கடை விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை அதில் ஒரு பங்குதான்.

மிஞ்சியிருக்கும் எண்ணிக்கைக்கு ஒரு நல்ல உதாரணம், 1948இல் இந்தியா வெளியிட்ட காந்தி தபால்தலைகள். அவற்றில் ஒன்றரை அணாத் தலை எங்கும் கிடைக்கும். அதே வரிசையின் 10 ரூபாய்த் தலையில் அரசு உபயோகத்துக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டவை மிகச் சில. அவற்றில் நான்கு ஒன்றாக ஒட்டியிருந்த துண்டு ஒன்று 2017இல் 5 லட்சம் பவுனுக்கு விற்றது.

நம் சிலாங்கூருக்கும் அப்படி ஒரு கதை உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942 நவம்பரில், சிலாங்கூர் வேளாண்மைக் கண்காட்சி நடந்தது. அதற்கென்று புதிதாகத் தபால்தலை அடிக்கவில்லை. பிரிட்டிஷ் மன்னர் தலை போட்ட பழைய தபால்தலைகளின் மேலேயே கண்காட்சிப் பெயரையும் 2602 என்ற ஜப்பானிய ஆண்டையும் அச்சிட்டுவிட்டார்கள். இப்படி மேலச்சிட்ட தலைகளில் போலிகள் அதிகம். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

இரண்டாவது பயணம் கே.டி.எம். கொமூட்டரில், கிள்ளானுக்கு. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி 1886இல் ஓடத் தொடங்கிய பாதை இது. நிலையத்திலிருந்து சிறிது நடந்தால் ஜாலான் தெங்கு கிளானா. புடவைக் கடை, நகைக் கடை, மாலை கட்டும் கடை, வாழையிலைச் சாப்பாடு. தபால்தலைக்காக இங்கே ஏன் வரவேண்டும் என்று கேட்கலாம். நம் குடும்பங்களின் கடிதங்கள் வந்து போன வழி இது.

அதே ரயில் பாதையின் முடிவில் துறைமுகம். 1901இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் 'ரஜுலா' கப்பலில் வந்தவர்கள் பினாங்கிலோ இங்கேயோ கரையிறங்கித் தோட்டங்களுக்குப் போனார்கள். 1957 மே மாதம் வெளியான மலாயாக் கூட்டரசின் முதல் தபால்தலைகளில் 6 காசுத் தலையில் இருப்பது ரப்பர் பால்வெட்டுக் காட்சி. நாளெல்லாம் பால் வெட்டியவர்களின் வேலையே தபால்தலையில் ஏறிவிட்டது!

அந்தத் தலை தனியாக இருந்தால் சில்லறைக் காசுதான் பெறும். காப்பார், பந்திங், போர்ட் சுவெட்டன்ஹாம் என்று தெளிவாக முத்திரை விழுந்து, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராம முகவரியோடு முழு உறையாக இருந்தால் கதை வேறு. எந்த ஊரில் போட்டது, எந்த நாளில், எந்த வழியாகப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆல்பத்துக்காக வாங்கிய நினைவுத் தலைகளைப் பலரும் காப்பாற்றினார்கள். தோட்டத்துக் கடித உறையைக் காப்பாற்றியவர்கள் குறைவு. அதனால்தான் சேகரிப்பாளர்கள் இன்று அதைத் தேடுகிறார்கள்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இங்கிருந்து போன கடிதங்கள், கிள்ளான் முத்திரையோடு, தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பரண் மேல் கிடக்கின்றன. அங்கிருந்து வந்தவை, இந்தியத் தபால்தலையோடு, நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒரே குடும்பத்தின் பேச்சு இரண்டு கரையிலும் பாதிப் பாதியாக இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் காலியாகி, குடும்பம் அடுக்குமாடிக்கு மாறும்போது இந்தப் பாதிதான் முதலில் குப்பைக்குப் போகிறது.

ஆகவே வீடு மாற்றும்போது மூன்று காரியம் செய்யுங்கள். உறையிலிருந்து தபால்தலையை வெட்டவோ நீரில் ஊறவைத்து எடுக்கவோ வேண்டாம். செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் கூடவே கூடாது. கடிதத்தை அதன் உறையோடு சேர்த்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

பிறகு, எழுதியவர் யார், யாருக்கு எழுதினார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். தபால்தலையின் விலையை என்றைக்கு வேண்டுமானாலும் கேட்லாக்கில் பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தில் வரும் 'சின்னம்மா' யார் என்று சொல்ல பாட்டி ஒருவரால்தான் முடியும்.