தலைக்கு மேலே ஒன்றுமில்லை

பழைய தமிழ் சினிமாவில் கதாநாயகன் திறந்த காரில் பாடிக்கொண்டே போவதைக் கவனித்திருக்கிறீர்களா? பின்னால் திரையில் ரோடு ஓடும். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். ரோடு என்னவோ நேராகத்தான் போகும். பக்கத்தில் இருக்கும் கதாநாயகியின் நெற்றியில் ஒரே ஒரு சுருள் முடி, டைரக்டர் சொன்ன அளவுக்கு மட்டும் அசையும். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்தவன் நான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அப்படிப் போக வேண்டும் என்று ஆசை. போன செப்டம்பரில் போனேன். 63 வயதில், அசைவதற்கு முடியே இல்லாத நிலையில்.

கலிஃபோர்னியாவில் ஸான் ஹோஸேயில் இருக்கும் என் மகனிடம் ஒரு மியாட்டா இருக்கிறது. மாஸ்டா கம்பெனியின் எம்எக்ஸ்-5 காருக்கு அமெரிக்காவில் வைத்த செல்லப் பெயர். 1996 மாடல். இவனைவிட நாலு வயது சின்னது. கல்யாணத்துக்கு முன்னால், தனிக்கட்டையாக இருந்தபோது செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இரண்டே ஸீட்டு. பின் ஸீட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நானும் மனைவியும் போனது மருமகளின் பிரசவத்துக்கு. அப்போது அவளுக்கு ஏழு மாதம். அந்தக் காரில் ஏறுவதை விட்டுவிட்டாள். "உள்ள உக்காந்துடுவேன் மாமா. எந்திரிக்கத்தான் கிரேன் வேணும்" என்றாள். குழந்தை பிறந்தால் மூன்று பேர். ஸீட்டு இரண்டு. கணக்கு உதைக்கிறது. ஆகவே காரை விற்பதென்று முடிவாகி, வந்து பார்த்துப்போன ஒருவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள உங்க ரெண்டு பேரையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிடறேம்ப்பா. ஆனா ஒவ்வொருத்தராத்தான் முடியும்" என்றான் மகன். முதலில் நான், மறுநாள் அவன் அம்மா என்று ஏற்பாடு.

மியாட்டாவில் உட்காருவது காரில் ஏறுவது மாதிரி இல்லை. குளியல் தொட்டிக்குள் இறங்குவது மாதிரி. மகன் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்தான். முன் கண்ணாடிக்கு மேலே இருந்த இரண்டு கொக்கிகளை விடுவித்தான். துணிக் கூரையைப் பின்னால் மடித்துத் தள்ளினான். அவ்வளவுதான். மோட்டார், பட்டன் எதுவும் கிடையாது. எனக்கும் ஆகாயத்துக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

101ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி மான்டெரே. அங்கிருந்து கடலோரமாக ஹைவே ஒன்றில் பிக்ஸ்பி பாலம் வரை. இதுதான் பிளான்.

முதல் பாடம், காற்று முன்னாலிருந்து வருவதில்லை. முன் கண்ணாடியைத் தாண்டி மேலே போகிற காற்று, பின்னால் சுழன்று திரும்பி வந்து பிடரியில் அடிக்கிறது. என் தொப்பி முதல் பத்து நிமிஷத்திலேயே விடைபெற்றுக்கொண்டது. விலை உயர்ந்த கார்களில் இதற்காக ஸீட்டுக்குப் பின்னால் ஒரு வலைத் தடுப்பு வைக்கிறார்கள். மெர்ஸிடிஸ் கம்பெனி 2004ல் ஒரு படி மேலே போய், ஸீட்டின் தலைப்பகுதியிலிருந்து கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று ஊதும் வசதியைக் கொடுத்தது. நம் ஊரில் மார்கழி மாசம் மஃப்ளர் கட்டிக்கொள்வோமே, அதேதான். கொஞ்சம் காஸ்ட்லி.

இரண்டாவது, இரைச்சல். பக்கத்தில் போகும் லாரியின் சக்கரம் என் காதுக்கு நேராக இருந்தது. மகன் ஏதோ சொன்னான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்றான். அந்த "ஒண்ணுமில்ல"யும் மூன்றாம் தடவைதான் கேட்டது.

மூன்றாவது, வெயில். காற்று குளுகுளுவென்று அடிப்பதால் வெயில் தெரிவதில்லை. சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தபோதுதான் வழுக்கை மண்டை செங்கல் நிறத்தில் இருந்தது. கில்ராய் என்ற ஊரைத் தாண்டும்போது பூண்டு நெடி வேறு. பூண்டுக்குப் பேர்போன ஊராம். கூரை இல்லாத காரில் ஊர் வாசனை உத்தரவு கேட்காமல் உள்ளே வருகிறது.

சரி, இதில் என்னதான் சுகம் என்கிறீர்களா? கார்மெல் தாண்டி ரோடு கடலை ஒட்டி வளைய ஆரம்பித்ததும் தெரிந்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில்தான் போகிறோம். 120 மாதிரி இருக்கிறது. ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் கடல் மூட்டம் வந்து முகத்தில் ஈரத்துணியைப் போடுகிறது. ஒரு பள்ளத்தில் குளிர், மேட்டில் சூடு. யூகலிப்டஸ் வாசனை வந்தால் ஊட்டி ஞாபகம். ஏஸி காரில் போனால் கண்ணுக்கு மட்டும்தான் டிக்கெட். இதில் மூக்கு, காது, தோல் எல்லாருக்கும் ஸீட்டு உண்டு.

பிக்ஸ்பி பாலம் 1932ல் கட்டியது. பள்ளத்தாக்குக்கு மேலே ஒரே வளைவாக நிற்கும் கான்க்ரீட் பாலம். அங்கே ஓரமாக நிறுத்திவிட்டு மகன், மெக்கானிக்கல் இன்ஜினீயர் அல்லவா, பாடம் எடுத்தான்.

நீங்களும் ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கினால் சுலபத்தில் வளையாது. உள்ளே இருக்கும் தட்டை மட்டும் உருவி முறுக்குங்கள், கோணிக்கொள்ளும். காரும் ஒரு பெட்டிதான். கூரை என்பது மழைக்கு மட்டுமில்லை, பெட்டியின் விறைப்புக்கே அதுதான் ஆதாரம். அதை அறுத்துவிட்டால் மேடு பள்ளத்தில் கார் உடம்பே லேசாக முறுக்கிக்கொள்ளும். டாஷ்போர்டு நடுங்கும், ரியர் வ்யூ கண்ணாடியில் பின்னால் வரும் லாரி பரதநாட்டியம் ஆடும்.

இதைச் சரிக்கட்ட, கதவுக்கு அடியில் சட்டத்தைக் கனமாக்குகிறார்கள், முன் கண்ணாடிச் சட்டத்தை வலுவாக்குகிறார்கள், அடியில் குறுக்குக் கம்பிகள் போடுகிறார்கள். விளைவு, கூரையை எடுத்தால் எடை கூடுகிறது! கார்பன் ஃபைபரில் தொட்டி மாதிரி உடம்பு செய்து, தனியாக பலப்படுத்தவே தேவையில்லாத மெக்லாரன் 650எஸ் (2014) காரில்கூட, கூரை திறக்கும் வகை 40 கிலோ அதிகம். மடிக்கும் கூரையும் அதன் மோட்டார்களும் சும்மாவா வரும்? ஸ்போர்ட்ஸ் கார் என்பதே எடையைக் குறைப்பதற்காகப் படுகிற பாடு. அதில் பொதுவாகக் கூடுதல் பணம் கொடுத்து எடையையும் வாங்கிக்கொள்கிறோம்.

"அப்ப இது மட்டும்?" என்றேன், மியாட்டாவைக் காட்டி.

"இது அறுத்ததில்லப்பா. பொறக்கும்போதே இப்படித்தான்."

உண்மைதான். 1989ல் சிகாகோ கண்காட்சியில் காட்டியபோதே இது திறந்த கார். கூரையோடு வரைந்து, பிறகு கத்தரித்தது அல்ல. அதனால்தானோ என்னவோ, 2016ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது.

எல்லா சமயமும் கத்தரித்தது மட்டம் என்றும் சொல்ல முடியாது. மெர்ஸிடிஸ் 300 எஸ்எல் என்று 1954ல் ஒரு கார் வந்தது. கதவுகள் பறவைச் சிறகு மாதிரி மேலே திறக்கும். உலக அழகி. ஆனால் ஜன்னல் கண்ணாடியை இறக்க முடியாது. உள்ளே வெந்து போவார்கள். 1957ல் அதையே திறந்த காராக, சாதாரணக் கதவு வைத்துச் செய்தார்கள். எடை கூடியது. ஆனால் மனுஷன் உட்கார முடிந்தது. சிறகுக் கதவு 1,400 கார்; திறந்தது 1,858 கார்.

துணிக்குப் பதில் இரும்புக் கூரையையே மடித்தால்? அதையும் யோசித்தவர் உண்டு. ஜார்ஜ் போலான் என்ற பிரெஞ்சுக்காரர். பல் கட்டும் தொழிலில் இருந்தவர்! அவர் யோசனைப்படி பெஷோ கம்பெனி 1930களிலேயே மடங்கும் இரும்புக் கூரையோடு கார் விற்றது. பிற்பாடு ஜெர்மானியர் ஆக்கிரமிப்பை எதிர்த்து ரகசியமாக வேலை செய்ததற்காக 1942ல் போலானைச் சுட்டுக்கொன்றார்கள். 1996ல் மெர்ஸிடிஸ் எஸ்எல்கே அந்த யோசனையைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஊரே வாய் பிளந்தது. திருடன் கத்தியால் கிழிக்க முடியாத கூரை. ஆனால் மடித்து வைத்தால் டிக்கியில் பெட்டி வைக்க இடமிருக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, கார் உருண்டால்? 1960களில் அமெரிக்கா திறந்த கார்களையே தடை செய்துவிடும் என்று பயந்த போர்ஷே கம்பெனி, 1965ல் தலைக்குப் பின்னால் அகலமான இரும்பு வளைவு வைத்து 911 டார்காவைக் காட்டியது. அந்தத் தடை வரவே இல்லை. பயம் மட்டும் வந்தது. 1989ல் மெர்ஸிடிஸ் எஸ்எல் காரில், உருளப் போகிறது என்று தெரிந்ததும் 0.3 வினாடியில் தானே எழுந்து நிற்கும் வளைவு வைத்தார்கள். மகனின் காரில் அதெல்லாம் இல்லை. ஸீட்டுக்குப் பின்னால் அவனே வாங்கிப் பொருத்திய இரும்புக் குழாய்தான். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் வீடு திரும்பினேன்.

மறுநாள் அவள் முறை. எனக்குத்தான் கவலை. அவளுக்கு சைனஸ் உண்டு. "வேண்டாம்னு சொல்லிடு. கழுத்து வலி, இரைச்சல், வெயில். வழியெல்லாம் பூண்டு நாத்தம் வேற" என்று என் அனுபவத்தையெல்லாம் கொட்டினேன். அவள் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முனை இரண்டும் நீளமாகத் தொங்கின.

எனக்கு இஸடோரா டங்கன் ஞாபகம் வந்தது. உலகப் புகழ்பெற்ற நடனக்காரி. 1927 செப்டம்பர் 14, பிரான்ஸில் நீஸ் நகரம். திறந்த காரில் கிளம்பினாள். கழுத்தில் இருந்த நீண்ட துணி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. முடிந்தது கதை. இதை மனைவியிடம் சொன்னேன்.

அவள் முனைகளை ஸ்வெட்டருக்குள் சொருகிக்கொண்டாள். "வேற யாராவது செத்திருக்காங்களா? இப்பவே சொல்லிடுங்க" என்றாள்.

ஒரு மணிக்குத் திரும்ப வேண்டியவர்கள், நாலரை வரை வரவில்லை. நானும் மருமகளும் மாற்றி மாற்றி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தபோது துப்பட்டா தலையில் இல்லை, மடியில் இருந்தது. முகம் கறுத்து, கண் சிவந்து, தலைமுடி வைக்கோல்போர் மாதிரி. தண்ணீர் குடித்துவிட்டு ஸோஃபாவில் உட்கார்ந்தாள்.

"கழுத்து வலிக்கலை?"

"வலிக்குது."

"ஒரே இரைச்சலா இருந்திருக்குமே?"

"ஆமா."

"பூண்டு நாத்தம்?"

"வந்துச்சு. வண்டியை நிறுத்தச் சொல்லி ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கல்யாணமான புதுசுல கொடைக்கானல் போனோமே, ஞாபகம் இருக்கா? வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலை ஏறும்போது நீங்க ஷட்டரை இறக்கிட்டீங்க" என்றாள்.

"உனக்கு சளி பிடிச்சுக்கும்னுதான்."

"எனக்குன்னு சொல்லித்தான் இறக்கினீங்க. மஃப்ளர் உங்க கழுத்துல இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. 1990ல் நடந்ததை, அன்று காலை நடந்தது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அந்த மலைப்பாதையில் அதற்கப்புறம் என்ன தெரிந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பஸ் ஷட்டர்தான். அவளுக்கும் அதே.

நான் போட்ட குறைப் பட்டியலில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அவளும் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொன்னாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, மூன்றரை மணி நேரம் லேட்டாக வந்திருக்கிறாள். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து மகனுக்கு ஃபோன். பேசி முடித்துவிட்டு, "காரை வாங்கறவர்மா. ஞாயித்துக்கிழமை கன்ஃபர்மான்னு கேக்கறார்" என்றான்.

அவள் பையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உரித்துக்கொண்டே கேட்டாள்:

"கொழந்தை பொறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கில்ல?"