அம்மாவின் பேட்டரி வண்டி

மே 11, ஞாயிறு

பழைய பேட்டரி வண்டியை எக்ஸ்சேஞ்சில் போட்டால் என்ன கிடைக்கும் என்று நேற்று ஒரு ஷோரூமில் கேட்டேன். "பேட்டரி போன வண்டிங்களா? இரும்பு விலைதானுங்க வரும்" என்றார்கள். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. வண்டியின் சட்டத்தில் துரு இல்லை. மோட்டார் சத்தமில்லாமல் சுற்றுகிறது. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. செத்துப்போனவை சீட்டுக்கு அடியில் இருக்கும் நான்கு ஈய பேட்டரிகள் மட்டும்தான். அதற்காக முழு வண்டியையும் இரும்புக் கடைக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

2015-ல் அம்மா வாங்கியது. வடவள்ளியிலிருந்து பள்ளிக்கூடம் போய்வர பஸ்ஸை நம்பியே முப்பது வருஷம் ஓட்டியவர். லைசென்ஸ் எடுக்கும் தைரியம் வரவேயில்லை. இந்த வண்டிக்கு லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம் என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் யோசனை கேட்காமல் போய் வாங்கிவந்தார். அதன் பிறகு அம்மாவை வீட்டில் பிடிப்பதே கஷ்டமாகிவிட்டது. உழவர் சந்தை, பேங்க், கிருத்திகைக்கு மருதமலை அடிவாரம் என்று நினைத்த நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கு அந்த வண்டி கொடுத்த விடுதலைக்கு இரும்புக் கடைத் தராசில் எடைக்கல் இல்லை.

மே 13, செவ்வாய்

மல்டிமீட்டரை எடுத்து உட்கார்ந்தேன். இரவு முழுக்க சார்ஜில் போட்டு, காலையில் எடுத்து, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தேன். மூன்று பேட்டரிகள் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டின. நான்காவது 11.9. பின்சக்கரத்தைத் தரையில் வைத்து, அம்மாவை உட்காரச் சொல்லி, வாசல் சரிவில் ஏறவிட்டபோது அந்த நான்காவது 8-க்கு இறங்கியது.

நான்கும் தொடராக இணைந்திருப்பதால் மொத்தம் 48 வோல்ட். ஒன்றின் வழியாகப் போகும் அதே கரண்ட்தான் மற்றவற்றின் வழியாகவும் போயாக வேண்டும். ஏரில் பூட்டிய மாட்டில் ஒன்று நொண்டினால் மற்றதன் பலமும் வீண்தான். மொத்த வோல்டேஜ் 42-க்குக் கீழே போனதும் பேட்டரியைக் காப்பாற்ற கண்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. அம்மா சொல்லிக்கொண்டிருந்த "திடீர்னு நின்னுபோகுது கண்ணு" என்பது இதுதான்.

ஈய பேட்டரியை 1859-ல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். கார் ஸ்டார்ட் செய்ய இன்றும் அதற்கு ஈடு குறைவு. சில நொடி வேலை, உடனே சார்ஜ் ஏறிவிடும். தினமும் அடிவரை இறக்கி ஏற்றினால் அதன் தகடு தாங்காது. பாதி இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டின் மேல் ஈய சல்பேட் படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. அம்மா ஓய்வுபெற்ற பிறகு வண்டி வாரக்கணக்கில் நின்றுகிடந்தது. பேட்டரியைக் கொன்றது ஓட்டம் இல்லை, அந்த ஓய்வுதான்.

மே 18, ஞாயிறு

எதிர்வீட்டு அண்ணன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். இந்த ஊரில் அப்படி ஒருவர் எதிர்வீட்டில் இருப்பது அதிசயமில்லை. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டில் செய்த மோட்டாரை ஓட்டிக் காட்டிய ஊர் இது. இன்றைக்கும் கோவையில் சந்துக்குச் சந்து செம்புக் கம்பி சுற்றும் கை இருக்கிறது.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கண்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடித்த ஒயர்களையும் கழற்றினார். சக்கரத்தைச் சுழற்றினால் லேசாகச் சுற்றியது. மஞ்சளையும் பச்சையையும் சேர்த்துப் பிடித்துவிட்டு, "இப்பச் சுத்திப் பாரு" என்றார். சக்கரம் முரண்டு பிடித்தது. பச்சை-நீலம், நீலம்-மஞ்சள் என்று மாற்றிப் பிடித்தபோதும் அதே அளவு முரண்டு. "மூணு ஜோடியும் ஒரே மாதிரி இழுக்குதல்ல? காயில் நல்லா இருக்குதுனு அர்த்தம். ஏதாவது ஜோடி லூசாச் சுத்துனா அங்க அறுந்திருக்கும். ஒயரைச் சேர்க்காமயே இறுக்கமாச் சுத்துனா உள்ள ஷார்ட்டு." ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. சுற்றும் காந்தம் மின்சாரத்தை உண்டாக்குகிறது, பாதை மூடியிருந்தால் அந்த மின்சாரமே சக்கரத்தை எதிர்க்கிறது. பள்ளிக்கூடத்தில் லென்ஸ் விதி என்று எழுதி மார்க் வாங்கியதைக் கையால் தொட்டுப் பார்த்தது இன்றைக்குத்தான்.

அடுத்து ஐந்து மெல்லிய ஒயர்கள். மோட்டாருக்குள் இருக்கும் மூன்று ஹால் சென்சார்கள் காந்தம் எங்கே நிற்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்கின்றன. சிவப்பிலும் கருப்பிலும் 5 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை மெல்ல நகர்த்தி, மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்தோம். 0, 5, 0, 5 என்று மூன்றும் மாறி மாறி வந்தன. ஒன்று பேசாவிட்டால் வண்டி நடுங்கிக்கொண்டு கிளம்பும். அதை மோட்டார் போய்விட்டது என்று சொல்லிப் புது மோட்டார் விற்பவர்களும் உண்டு.

சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் இந்த ஹப் மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லை, செயின் இல்லை, கியர் இல்லை. தேய்வது இரண்டு பக்கத்து பேரிங் மட்டும். "காயில் கருகாத வரைக்கும் மோட்டாருக்கு வயசே இல்லம்மா" என்றார் அண்ணன்.

மே 20, செவ்வாய்

ஆபீசில் விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்கு ஒரே யோசனை: 60 வோல்ட் போட்டுவிடு, நாற்பதில் பறக்கும்.

செய்ய மாட்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால்தான் இது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அந்தக் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து இது பதிவு இல்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி. ஓட்டுகிற அம்மா லைசென்ஸ் இல்லாதவர். யார் மேலாவது இடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். சட்டம் இருக்கட்டும், வண்டியும் ஒத்துக்கொள்ளாது. 3.00-10 சிறு டயரும் டிரம் பிரேக்கும் இந்த வேகத்துக்கென்று கணக்குப் போட்டவை. கண்ட்ரோலரைத் திறந்து பார்த்தேன். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 63 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. முழு சார்ஜில் எழுபதைத் தாண்டும் பேக்கை அதில் மாட்டினால் வெடிக்கலாம்.

பழைய வண்டியைப் புதுப்பிப்பது என்றாலே வேகத்தைக் கூட்டுவது என்று ஏன் ஆகிவிட்டது? எனக்கு வேண்டியது, அதே வேகத்தில், வழியில் நிற்காமல், இன்னும் பல வருஷம் ஓடும் வண்டி.

மே 25, ஞாயிறு

ஈயத்துக்குப் பதில் லித்தியம் பேட்டரி போடலாம் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் சார்ஜில் இருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்துபோன செய்தியை அவர் மறக்கவில்லை. மறக்கக் கூடாததும்தான். அந்த வருஷம் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஏஐஎஸ் 156-ஐ மத்திய அரசு கடுமையாக்கியது.

உட்காரவைத்து விளக்கினேன். லித்தியம் என்பது ஒரே சாதி இல்லை. நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகை சிறிய இடத்தில் நிறைய ஆற்றலை அடக்கும். ஆனால் சூடு எல்லை மீறினால் அதன் ஆக்ஸைடே ஆக்ஸிஜனை விட்டு நெருப்புக்குத் தீனி போடும். இரும்பு பாஸ்பேட் வகையில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருக்கிறது, சுலபத்தில் விடாது. எடையும் இடமும் சற்றுக் கூடும். ஈய பேட்டரி இருந்த பள்ளத்தில் இடத்துக்கா பஞ்சம்? சார்ஜ் ஏற்றி இறக்கும் சுற்றுகளும் ஆயிரக்கணக்கில் தாங்கும். தினமும் அடிவரை இறக்கும் ஈய பேட்டரி சில நூறிலேயே தளர்ந்துவிடும்.

இந்த வகையின் வேரில் ஒரு தமிழர் இருக்கிறார். தென் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கிய ஆறுமுகம் மந்திரம். வெறும் ஆக்ஸைடுக்குப் பதில் சல்பேட் போன்ற தொகுதிகளைச் சேர்த்தால் மலிவான இரும்பை வைத்தே நல்ல வோல்டேஜ் பெறலாம் என்று 1980-களில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து காட்டியவர். அதே பாதையில்தான் 1997-ல் குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வகத்திலிருந்து இரும்பு பாஸ்பேட் பற்றிய கட்டுரை வந்தது. 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை ஆற்றியவரும் மந்திரம்தான்.

"நம்ம பக்கத்துப் புள்ளையா?" என்றார் அம்மா. ஆனாலும் ஒரு நிபந்தனை: சார்ஜ் போடுவது வாசல் திண்ணையில்தான், ராத்திரி தூங்கும்போது கூடவே கூடாது. சரியான நிபந்தனை. எந்த பேட்டரிக்கும் பொருந்தும்.

ஜூன் 1, ஞாயிறு

கணபதி பகுதியில் பேட்டரி பேக் கட்டிக் கொடுக்கும் ஒரு சிறிய கடை. முப்பதைத் தொடாத ஒரு தம்பியும் இரண்டு பெண்களும் வேலை செய்கிறார்கள். போன வாரமே சொல்லிவைத்திருந்ததால் என் கண்முன்னாலேயே கட்டினார்கள்.

32700 என்று பெயர் கொண்ட செல். 32 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் உயரம், 6 ஆம்பியர்-மணி, 3.2 வோல்ட். நான்கு நான்காகப் பக்க இணைப்பில் சேர்த்தால் 24 ஆம்பியர்-மணி. அப்படிப் பதினாறு வரிசையைத் தொடராக்கினால் 51.2 வோல்ட். மொத்தம் 64 செல், 1,229 வாட்-மணி. முழு சார்ஜில் 58.4 வோல்ட், கண்ட்ரோலரின் 63-க்குள் நிற்கிறது, பழைய ஈய சார்ஜரின் உச்ச அளவும் கிட்டத்தட்ட இதுதான். பதினாறு என்ற எண்ணைத் தேர்ந்ததன் காரணம் அதுவே.

கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் உள்மின்தடையையும் அளந்து, ஒத்துப்போகிறவற்றை ஒன்றாக வைக்கிறார்கள். பாசிட்டிவ் முனை மேல் வளையமாக வெட்டிய பார்லி பேப்பர் ஒட்டி, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்கிறார்கள். "இந்த பேப்பர விட்டா ரூவா மிச்சங்க்கா. ஆனா அதிர்வுல தோல் கிழிஞ்சா உள்ளயே ஷார்ட் ஆயிரும்" என்றார் தம்பி. மலிவு பேக்கில் முதலில் காணாமல் போவது இதுதானாம். கடைசியாக பிஎம்எஸ். ஒவ்வொரு வரிசையையும் கண்காணித்து, 3.65 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜையும், அளவுக்குக் கீழே போனால் ஓட்டத்தையும் நிறுத்தும் பலகை. முன்பு நான்காவது பேட்டரி யாருக்கும் தெரியாமல் செத்தது. இதில் ஒரு வரிசை தளர்ந்தால் தெரிந்துவிடும்.

ஈய செட்டைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விலை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஈயம் மாற்றிய கணக்கைப் பார்த்தால் மலைப்பில்லை.

ஜூன் 4, புதன்

சாரல். மாலை முழுக்க ஒயர்களை இணைக்கும் கப்ளர்களைக் கழற்றி, பச்சை பூத்த பின்களைத் தேய்த்து, இளகியவற்றை மாற்றினேன். பாதிக் கோளாறு கப்ளரில்தான் இருக்கும் என்பார் அண்ணன்.

ஜூன் 8, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. பழைய நான்கும் சேர்ந்து 28 கிலோ இருக்கும், ஒன்று ஏறக்குறைய ஏழு. புதிய பேக் அதில் பாதிகூட இல்லை. காலியான இடத்தில் பேக் ஆடாமல் இருக்க கெட்டி ஃபோம் வெட்டி நான்கு பக்கமும் செருகினோம். சீட்டுக்கு அடியில் இருந்த 32 ஆம்பியர் எம்சிபி அப்படியே இருக்கிறது. சார்ஜர் மட்டும் மாற்றியே ஆக வேண்டும். ஈய சார்ஜர் நிரம்பிய பிறகும் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருக்கும், இரும்பு பாஸ்பேட்டுக்கு அது ஆகாது. 58.4 வோல்ட்டில் நிறுத்திவிடும் 5 ஆம்பியர் சார்ஜர் வாங்கினோம். ஐந்து மணி நேரத்தில் நிரம்புகிறது. ஒன்றரை யூனிட்டுக்குள் முடிகிறது.

மீட்டரில்தான் சிக்கல். பழைய முள் வோல்டேஜைப் பார்த்து சார்ஜ் சொல்வது. ஈய பேட்டரியில் வோல்டேஜ் படிப்படியாக இறங்கும், முள்ளும் இறங்கும். இரும்பு பாஸ்பேட்டோ நிரம்பியிருக்கும்போதும் முக்கால்வாசி தீர்ந்தபோதும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் காட்டி, கடைசியில் சட்டென்று விழும். அம்மா முள்ளை நம்பிக் கிளம்பினால் நடுரோட்டில் நிற்பார். அதனால் ஷண்ட் வைத்த சின்ன மீட்டர் ஒன்றை ஹேண்டில் பக்கத்தில் பொருத்தினோம். உள்ளே போன ஆம்பியர்-மணியையும் வெளியே வந்ததையும் எண்ணி, மீதியை சதவீதமாகக் காட்டும். லித்தியத்துக்கு மாற்றுகிற பலர் இதை வீண் செலவென்று விட்டுவிடுகிறார்கள். வயதானவர் ஓட்டும் வண்டிக்கு இதுதான் முதல் தேவை.

கூடவே பின் டயர், இரண்டு பிரேக் ஷூ. பிரேக் லிவரைப் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, மாற்றினோம்.

ஜூன் 15, ஞாயிறு

வாரம் முழுக்க ராம்நகர் ஆபீசுக்கு இதில்தான் போய்வந்தேன். கிலோமீட்டருக்கு 22 வாட்-மணி அளவில் செலவாகிறது. இருபது சதவீதத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டாலும் 40 கி.மீ. தாராளமாக வரும். ஊரிலிருந்து மேற்கே வரும்போது நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே வரும். முன்பு வடவள்ளி நெருங்க நெருங்க வண்டி முனகும். இப்போது சார்ஜ் தீரும் நேரத்திலும் இழுவை குறையவில்லை. பேட்டரி பாரம் பாதியானதில் மேடு பள்ளத்தில் தூக்கிப்போடுவதும் குறைந்திருக்கிறது.

அம்மா இன்று ஓட்டினார். தெருமுனை வரை என்று போனவர் உழவர் சந்தைப் பையோடு திரும்பினார். "ஸ்டாண்டு போட முடியுது கண்ணு" என்பதுதான் அவர் முதலில் சொன்னது. பதினைந்து கிலோவுக்கு மேல் எடை குறைந்ததன் பொருள் அவருடைய முழங்காலுக்குத்தான் தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

பழைய நான்கு பேட்டரிகளையும் பேட்டரிக் கடையிலேயே எடை போட்டுக் கொடுத்தேன், காயலான் கடைக்குப் போடவில்லை. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. ஈயத்தை முறையாக உருக்கினால் மறுபடி பேட்டரியாகும். கொல்லையில் அடுப்பு மூட்டி உருக்கினால் அந்தப் புகை முதலில் பாதிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் மூளையை.

வண்டியின் ஒயரிங் படத்தையும், பேக்கின் கணக்கையும், சார்ஜர் அளவையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு யார் கழற்றினாலும் ஊகத்தில் கழற்ற வேண்டாம். இப்படி ஒரு தாளை ஒவ்வொரு கம்பெனியும் வண்டியோடு கொடுக்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை.

அம்மாவோடு வேலை பார்த்த இன்னொரு டீச்சர் வீட்டிலும் இதே போல ஒரு வண்டி படுதா மூடி நிற்கிறதாம். விற்க வேண்டாம் என்று அம்மா போனில் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு மல்டிமீட்டரோடு போகிறோம். முதலில் அந்த மூன்று ஒயர்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.