வாரானையும் அம்புலியும்

பிள்ளைத்தமிழ் நூல்களைப் பக்திக்காகவும் சந்த நயத்துக்காகவும் வாசித்திருக்கிறோம். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை வீட்டிலிருக்கும்போது வாசிப்பது வேறு அனுபவம். பருவங்களின் பெயர்கள், குழந்தையை அருகிலிருந்து பார்த்த யாரோ எழுதிவைத்த குறிப்புகளாகத் தெரியத் தொடங்குகின்றன. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையசைத்தால் செங்கீரை. கை கொட்டினால் சப்பாணி. ‘வா’ என்று தளர்நடைக் குழந்தையை அழைப்பது வாரானை. நிலவைக் காட்டி விளையாட அழைப்பது அம்புலி. 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதங்களில் பத்துப் பருவங்களையும் வைப்பது ஒரு கணக்கு. வேறு கணக்குகளில் மாதங்கள் சற்று முன்பின்னாக மாறும்.

அந்த நெகிழ்வு இன்றைய அறிவியலுக்கும் உடன்பாடானதுதான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. துணையின்றி நடப்பதற்கு அது தரும் கால எல்லை 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. நூற்றில் நான்கு குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழாமலேயே நடந்திருக்கிறார்கள். குஜிலியம்பாறையில் எங்கள் தெருவில், “இன்னும் நடக்கலையா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்த எண்களைச் சொல்ல முடியாது. சிரித்துவைத்தோம். 14ஆம் மாதத்தில் நடைவண்டியை விட்டுவிட்டு அவனே நடந்தான். கேள்வி நின்றது.

பேச்சு மட்டும் வரவில்லை. 17 மாதம் முடிந்தும் ஒரு சொல் இல்லை. “ஆம்பளப் பிள்ளைக்கு மெதுவாத்தான் வரும். நீயே மூணு வயசுலதான் வாயத் தொறந்த. இப்பப் பேசாமயா இருக்க?” என்றார் அம்மா. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான உறவினர் ஒருவர் குமரகுருபரரை உதாரணம் காட்டினார். ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூரில் முருகன் அருளால் பேசினார், அப்போதே கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபுக்கதை. மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடியவரே பருவம் தவறிப் பேசியவர் என்பதில் ஓர் அழகு இருக்கிறது. அந்த அழகுதான் ஆபத்தும்.

எங்கள் அங்கன்வாடிப் பணியாளர் கதை எதுவும் சொல்லவில்லை. அவன் மணலில் விளையாடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று சில்வர் டம்ளரில் கரண்டியால் மெல்லத் தட்டினார். அவன் திரும்பவில்லை. “ஒரு தடவை காதைப் பாத்துருங்கண்ணே” என்றார்.

எங்களுக்கு நம்பச் சிரமமாக இருந்தது. சாலையில் லாரி ஆரன் அடித்தால் திடுக்கிடுவான். பட்டாசுக்கு அழுவான். மொட்டைமாடியில் நிலவை நோக்கி விரல் நீட்டினால், அவன் பார்வை விரலில் நில்லாமல் நிலவுக்குப் போகும். பிறகு அவனும் விரலை நீட்டி, நாங்கள் பார்க்கிறோமா என்று எங்கள் முகத்தைப் பார்ப்பான். இப்படி ஒன்றைச் சுட்டி, பார்வையைப் பகிர்ந்துகொள்வதை ஆட்டிசத்துக்கான தொடக்கநிலைச் சோதனைகளில் முக்கியமாகக் கேட்கிறார்கள். ஆக, அம்புலிப் பருவம் உரிய காலத்தில் வந்திருந்தது. வாரானையில்தான் சிக்கல். முகம் பார்த்து அழைத்தால் ஓடிவருவான். முதுகுக்குப் பின்னால் அழைத்தால் வரமாட்டான்.

மதுரையில் அவனை உறங்கவைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி ‘பெரா’ சோதனை செய்தார்கள். ஒலி காதிலிருந்து மூளைத்தண்டுக்குச் செல்லும் வழியை அது பதிவு செய்கிறது. குழந்தை எதுவும் சொல்லவேண்டியதில்லை. இரு காதுகளிலும் நடுத்தர அளவு கேட்புக் குறைபாடு. ஆரன் கேட்கும், பேச்சு தெளிவாகக் கேட்காது. பிறந்த 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவ உலகம் வகுத்திருக்கும் இலக்கு. மொழிக்காக மூளை மிகவும் திறந்திருப்பது இந்த முதல் ஆண்டுகளில்தான் என்பதே காரணம். நடை சில மாதம் பிந்தினால் பெரும்பாலும் ஒன்றும் குறைவதில்லை. கேளாமல் போன மாதங்கள் அப்படியல்ல. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறிவதும் ஒரு பகுதி. அதற்கென மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் உண்டு. ஆனால் கிராமத்தில் அந்த வாசலுக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் டம்ளர் தட்டும் ஒரு கைதான்.

செவித்துணைக் கருவி பொருத்திய முதல் வாரம் அவன் அடிக்கடி அழுதான். பிறகு காகத்துக்குத் திரும்பினான். பேச்சுப் பயிற்சி தொடங்கிச் சில மாதங்களில், எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியைச் சுட்டி “ம்மே” என்றான். இது சொல்லாகுமா என்று பயிற்சியாளரிடம் கேட்டோம். ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை மாறாமல் சொன்னால் அதுவும் சொல்தான் என்றார்.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் குழந்தை பேசுவதில்லை. பாடும் புலவரே தாயாகவும் செவிலியாகவும் அழைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அழைப்பு குழந்தைக்குக் கேட்கிறது என்ற நம்பிக்கையின்மேல்தான் அந்த இலக்கிய வகையே நிற்கிறது. நம் வீடுகளிலும் அப்படியே நம்புகிறோம். குமரகுருபரர் கதையைக் குழந்தைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம். காதைச் சோதித்துவிட்டுச் சொன்னால், அந்தக் கதையும் அவர்களுக்குக் கேட்கும்.