வாய்க்கால் முதலில்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் இரவு கூடாரத்தில் தங்கப் போகிறோம் என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால், வயதானவர்கள் முதலில் கேட்பது, "ஏன், வீட்டுக்கு என்ன நடந்தது?" என்றுதான். அது பகிடி இல்லை. இந்த மண்ணில் ஐம்பதைத் தாண்டிய அநேகர் எப்போதாவது தறப்பாளுக்குக் கீழே படுத்தவர்கள்தான். ஆனால் ஆசைப்பட்டுப் போய்ப் படுத்தவர்கள் யாருமில்லை.

கனடாவில் இருக்கும் தங்கச்சி குடும்பத்துக்குக் கூடாரம் என்றால் கோடை விடுமுறை. ஒன்ராறியோவில் அல்கொன்குவின் பூங்காவில் முன்கூட்டியே பதிந்து வைத்த இலக்கமிட்ட இடம், மரமேசை, நெருப்பு மூட்டக் கல் அடுக்கிய வட்டம் எல்லாம் காத்திருக்கும். போன டிசம்பரில் ஊருக்கு வரும்போது கண்டோஸ் பெட்டிகளுக்கு நடுவே அந்தக் கூடாரமும் வந்து சேர்ந்தது. டிசம்பர் இங்கே மாரி. வருடத்து மழையில் பெரும்பங்கை ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிற ஊர் இது. எந்த நாளில் கொட்டும் என்பதுதான் சிக்கல். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பொறுத்து எங்களுக்கு வெள்ளமோ வெறும் முகிலோ வாய்க்கும். குடாநாட்டில் மழையை ஓரிடத்தில் பிடித்து வைக்க ஒரு குன்றுகூட இல்லை. நெல்லியடியில் தெப்பமாக நனைந்தவன் கொடிகாமத்துக்குப் போய்ச் சேரும்போது அங்கே தெருப் புழுதிகூட அடங்கியிராது. இப்போது வீட்டுக்கு வீடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜாவின் வானிலைக் குறிப்பைப் போனில் பார்த்துவிட்டுத்தான் உடுப்பைக் கொடியில் போடுகிறார்கள். நாங்களும் பார்த்துவிட்டுத்தான் போனோம். விட்டுவிட்டு மழை என்றிருந்தது. போகலாம் என்று முடிவெடுத்தது பிள்ளைகள்.

இடம் வடமராட்சி கிழக்கில், மணற்காட்டுப் பக்கம், உறவுக்காரரின் தென்னங்காணி. மணல் மேடுகளும் சவுக்கங்காடும், மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயமும் உள்ள ஊர். தேங்காய் விழாத வெளியாகப் பார்த்துக் கூடாரத்தை விரித்தோம். கனடாவிலிருந்து வந்த மெல்லிய முளைகளைக் குத்தினால் நிற்கும், கயிற்றை இழுத்தால் கையோடு வந்துவிடும். மணலுக்கு அந்த முளை சரிவராது. பக்கத்து வாடியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவர்தான் வழி சொன்னார். சிறு சாக்குகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மூடி மிதிக்க வேண்டும். பிறகு மாடு கட்டி இழுத்தாலும் அசையாது. வாசலைத் தென்மேற்குப் பக்கம் திருப்பச் சொன்னதும் அவர்தான். வாடைக்காற்றுக்கு முதுகைக் காட்டினால்தான் தூவானம் உள்ளே அடிக்காது.

மச்சான் காற்றுக்கு ஒதுக்காக இருக்கிறதென்று இரண்டு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தைத் தெரிவு செய்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் புட்டுப் பெட்டியோடு வந்திறங்கினா அம்மா. சுற்றிவர ஒரு பார்வை பார்த்தா.

"வாய்க்கால் வெட்டேல்லையோ?"

"இது மணல் மாமி, எல்லாத்தையும் குடிச்சிடும்," என்றார் மச்சான்.

"அப்ப பள்ளத்துக்குள்ளை வேண்டாம் தம்பி. மேட்டுப் பக்கம் ஏத்துங்கோ. மழை மேலாலை மட்டுமே வாறது?"

குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருந்தாலும் அதிலும் மாரியில்தான் தண்ணீர் ஓடும். பெய்த மழை மணலிலும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளிலும் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராக நிற்கிறது. மாரி முற்றினால் அந்த நீர் மட்டம் ஏறிக்கொண்டே வரும். கோடையில் நீளக் கயிறு விட்டு அள்ளிய கிணற்றில் குனிந்து வாளியால் மொள்ளலாம். அதே நீர்தான் மணற்பள்ளங்களிலும் அடியிலிருந்து ஊறி நிற்கும். முணுமுணுத்துக்கொண்டுதான் கூடாரத்தை மேட்டின் தோளுக்கு ஏற்றினோம். விடியும்போது பழைய இடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

அம்மாவுக்கு இந்தப் படிப்பு வந்த இடம் தென்மராட்சி. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்தில் இருந்த இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பக்கமாகவும் கோப்பாய் - கைதடி வழியாகவும் போரால் இடம்பெயர்ந்து மழைக்குள் நடந்தது. பாடசாலைகளும் கோயில்களும் ஒரே நாளில் நிரம்பின. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் யாரோ ஒருவர் காணியில், மாமரத்தின் கீழே தறப்பாளைக் கட்டினார்கள். எங்களுக்குக் கிடைத்தது மீசாலையில் ஒரு வளவு. அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகுதான் திரும்பினோம். அந்த மாரி முழுவதும் அம்மா துணிக்கூரைக்குக் கீழேதான் சமைத்தா.

இத்தனை வருடத்தில் அம்மா அதைப் பற்றிப் பெரிதாகப் பேசியதில்லை. கேட்டால், "அது போன காலம்" என்று எழும்பிப் போய்விடுவா. அன்றிரவு மழை கூடாரத்தின் மேல் அறையத் தொடங்கியதும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினா. அழுகைக் கதை ஒன்றும் வரவில்லை. வந்தது முழுக்கத் தொழில் விளக்கம். தறப்பாளின் நடுவில் மழைநீர் தேங்கி வயிறு மாதிரித் தொங்கும். கையால் தள்ளினால் கையோடு கிழியும். விளக்குமாற்றின் அடிக்கட்டையில் துணியைச் சுற்றி, ஓரத்திலிருந்து மெதுவாக உயர்த்தி, தண்ணீர் விழும் பக்கம் வாளியை வைத்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவலாம். நெருப்புப்பெட்டிக்குப் பால்மா ரின். அரிசி தலைமாட்டில், நிலத்தில் முட்டாமல். படுக்கப் போகுமுன் வாய்க்காலில் அடைந்த சருகை அள்ளிவிட வேண்டும்.

"அம்மம்மா, உள்ளுக்கை ஒழுகுது," என்றாள் சின்னவள். ரோச் அடித்துப் பார்த்தால் உட்சுவரில் நீர்முத்துகள். குளிர் நாட்டுக்குத் தைத்த கூடாரம். உள்ளே ஆறு பேர் விட்ட மூச்சு வெளியேற வழியில்லாமல் துணியில் பட்டு நீராகியிருந்தது. மழைக்குப் பயந்து எல்லாச் சாளரங்களையும் இழுத்து மூடியதன் பலன். கிடுகுக் கொட்டிலில் இந்தத் தொல்லை கிடையாது. கிடுகுக்குள்ளால் காற்றுப் போய்வரும். காற்றுக்கு மறுபக்கத்துச் சாளரத்தை ஒரு சாண் திறந்ததும் சரிவந்தது. நடுச்சாமத்தில் இடி கேட்டதும் எல்லோரும் வந்த வாகனத்துக்குள் ஓடினோம். வெட்டவெளியில் கூடாரத்தை நம்பி மின்னலுக்குக் காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அந்த ஓட்டந்தான் பயணத்திலேயே பெரிய கொண்டாட்டம்.

பட்ட சனம் இதில் விளையாடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். 2009இல் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்தபோது, ஓகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அம்மாவிடம் மீசாலைக் கதையை வரவழைக்க எங்கள் யாராலும் முடிந்ததில்லை. வீட்டுக்கூடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்டபோது வராதது, ஈரத் துணிக்குக் கீழே பேரப்பிள்ளை தொட்டுக்கொண்டு படுத்திருந்தபோது வந்தது.

ஈரக் கூடாரத்தை அப்படியே மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். மாரியில் வெயிலுக்கு எங்கே போவது? வீட்டுக்கூடத்தில் கதிரைகளின் மேல் விரித்துப் போட்டோம், நடக்க வழியில்லை. அம்மா தையலை இழுத்துப் பார்த்தா, துணியைத் தடவிப் பார்த்தா, என்ன விலை என்று கேட்டா. மச்சான் டொலரை ரூபாவாக்கிச் சொன்னார்.

"அந்தக் காசுக்கு ஒரு கொட்டிலே போட்டிருக்கலாம் தம்பி. கிடுகும் வேய்ச்சல் கூலியும் சேர்த்துத்தான் சொல்லுறன்."