திரும்பி வரும் நேரத்து நிழல்

என் அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வேலூர் வெயிலில் ஒரு காரை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரிந்த எந்த ஓட்டுநருக்கும் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து அவராகக் கற்றுக்கொண்டது.

அப்பா அரிசித் தரகர். ஆரணிப் பக்கத்து ரைஸ் மில்களுக்கும் வேலூர்க் கடைகளுக்கும் நடுவில் அவருடைய பிழைப்பு ஓடியது. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், கோயிலோ கல்யாணமோ, வழியில் ஒரு மில் இருக்கும். "அஞ்சே நிமிஷம், கணக்க மட்டும் பாத்துட்டு வந்துடறேன், நீங்க வண்டியிலயே இருங்க" என்று இறங்கிப் போவார். அந்த ஐந்து நிமிடம் எங்கள் வீட்டில் ஒரு தனி அளவை. நாற்பது நிமிடமும் ஆகும், ஒன்றரை மணி நேரமும் ஆகும்.

பழைய அம்பாசிடர் இருந்த காலத்தில் அம்மா அதற்குள் ஒரு சின்னக் குடித்தனமே நடத்தினார். முன் கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பி வைப்பார். கைப்பிடியைச் சுற்றி நான்கு கண்ணாடிகளையும் இறக்குவார். ஈரத்துண்டை வெயில் அடிக்கும் பக்கத்து ஜன்னலில் தொங்கவிட்டு மேல்விளிம்பைக் கண்ணாடியில் கவ்வவைப்பார். என் மடியில் ஒரு விசிறி. தண்ணீர் பாட்டிலும் இருக்கும், ஆனால் அது எனக்கு மட்டும். வெளியே கிளம்பும் நாளில் அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். குடித்தால் எங்கே போவது? மில்லில் ஆண்களுக்குச் சுவர் இருந்தது. அம்மாவுக்கு வீடு திரும்பும்வரை எதுவும் இல்லை.

செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவர் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்து நிழல் எப்போது பானெட்டை விட்டு நகர்கிறது, எவ்வளவு நேரத்தில் பின்சீட்டுக்கு வெயில் வருகிறது, சுவரோர நிழல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் விழுகிறது. எனக்கு அவர் சொன்ன முதல் பாடம் இது: "இப்ப இருக்கற நிழலப் பாக்காத. நீ திரும்பி வர்ற நேரத்துக்கு நிழல் எங்க இருக்கும்னு பாரு."

இன்னொன்றும் சொல்வார். கத்திரியில் கட்டடத்தின் தெற்குப் பக்கமும் நிழல் தரும், மத்தியானத்துக்கு மேலே கிழக்கும் தெற்கும் சேர்கிற மூலைதான் நல்லது என்று. தெற்கே எப்படி நிழல் விழும் என்று பள்ளிக்கூடம் படிக்கிற பெருமையில் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இயற்பியல் படித்த பிறகுதான் புரிந்தது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிச் சூரியன் வேலூருக்கு நேர் மேலே வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் பாதி தாண்டும்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது, நிழல் தெற்கே சாய்கிறது. வாஸ்துக்காரர்கள் அக்னி மூலை என்று சொல்லும் தென்கிழக்கு மூலையில்தான் அக்னி நட்சத்திரப் பிற்பகலில் நிழல் கிடைக்கிறது. இதை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள். அம்மா சொன்னபோது வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்தப் பக்கம் நிறுத்தினா நல்லாருக்குமே" என்று அவர் மெதுவாகச் சொன்னால், "வண்டிய ஓட்டறவனுக்குத் தெரியாதா?" என்பார் அப்பா.

பிறகு புதுக் கார் வந்தது. ஏசி, பட்டனைத் தட்டினால் இறங்கும் கண்ணாடி. தெருவே வந்து பார்த்தது. அந்தப் பட்டனுக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு 2003 மே மாதம்வரை தெரியவில்லை.

அந்த மே மாதம் நினைவிருப்பவர்கள் இருப்பார்கள். மாதக் கடைசி நாளில் சென்னையில் 45 டிகிரி பதிவானது. ஆந்திராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெயிலில் செத்துப் போனார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. உறவுக்காரர் வீட்டுச் சடங்குக்குப் போகும் வழியில் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு மில். பதினோரு மணி இருக்கும். அப்பா காரை மில் வாசலில், லாரிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஏசி நின்றது. கண்ணாடிகள் மேலே ஏறியபடியே நின்றன. அம்மா பட்டனை அழுத்தினார். நானும் அழுத்தினேன். சாவி இல்லாமல் அது வேலை செய்யாது.

கதவைத் திறந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். திறந்தார். ஒரு சாண் அளவுக்குத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்கக் கால் விரல்களால் பிடித்துக்கொண்டார். லாரியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "எறங்கி நிக்காத, நல்லாருக்காது" என்பது அப்பா அன்று தனியாகச் சொன்னதல்ல, எப்போதோ சொல்லி முடித்தது. அம்மா பட்டுப்புடவையில் இருந்தார். நகை போட்டிருந்தார். அந்த ஒரு சாணுக்குமேல் அவருக்குக் கை வரவில்லை.

முதலில் வேர்த்துக் கொட்டியது. பிறகு வேர்வை நின்றது. நல்லது என்று நினைத்தேன். அம்மாவின் முகம் சிவந்து காய்ந்திருந்தது. என்னைப் பெரியம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "அடுப்ப அமத்துடி" என்றார். வேர்வை நிற்பதும் பேச்சு குழறுவதும் வெப்பத் தாக்கின் அடையாளம் என்று இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். நான் இறங்கி ஓடியது மில் ஆபீஸுக்கு அல்ல. அது எங்கே என்றே தெரியாது. கண்ணில் பட்டது நெல் காயப்போடும் களம். சிமெண்டுத் தரையில் நான்கைந்து பெண்கள் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்காவது தலைக்குமேல் தகரம் இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

அவர்கள்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் ஓலைக் கொட்டகையில் கிடத்தினார்கள். தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றினார்கள். பட்டுப்புடவையைத் தளர்த்தி ஈரத்துணியால் மூடி முறத்தால் விசிறினார்கள். கண் விழித்ததும் அவர்கள் குடத்துத் தண்ணீரை அம்மா குடித்தார், கேட்டுக் கேட்டுக் குடித்தார். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் அது நடந்திருக்குமா என்பதை நான் இங்கே நீட்டி எழுத வேண்டியதில்லை. வயதில் மூத்த அம்மா ஒருவர் கோபமாகக் கேட்டார்: "இன்னாம்மா, கதவத் தொறந்துகினு எறங்கறதுக்கு இன்னா?" அம்மா பதில் சொல்லவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. அன்று கை நடுங்க ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். அடுத்த வாரமே அவர் ஒரு தீர்வும் கண்டுபிடித்தார். காரின் எல்லாக் கண்ணாடிகளுக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டினார். வெயில் உள்ளே வராது, வெளியே இருப்பவர்களுக்கும் உள்ளே இருப்பது தெரியாது. ஒரே செலவில் இரண்டு பிரச்சினைகள் தீர்ந்துவிட்டன. காத்திருப்பது மட்டும் தொடர்ந்தது. சாவியை விட்டுவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும்கூட.

கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. கறுப்பு டேஷ்போர்டும் சீட்டும் வெளிச்சத்தை உறிஞ்சிச் சூடாகின்றன. அவை திரும்ப வெளியிடும் வெப்பக்கதிர் கண்ணாடியைத் தாண்டுவதில்லை. காற்றும் நகர்வதில்லை. 2005இல் வெளியான ஆய்வுக்காக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்தபோது, ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மா காலால் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு சாணை நான் அந்த ஆய்வைப் படித்த அன்று நினைத்துக்கொண்டேன். 2018இல் வெளியான இன்னொரு ஆய்வுக்காக அரிசோனாவில், 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் அளந்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் உட்காற்று சராசரியாக 47 டிகிரி, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்ற கார்களில் காற்று 38, டேஷ்போர்டு 48. நிழல் என்பது அவ்வளவு பெரிய வித்தியாசம். ஆனால் நிழலில் நின்ற காரிலும் இரண்டு மணி நேரம் போனால் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆபத்தான சூட்டை எட்டிவிடலாம் என்று அதே ஆய்வு கணக்கிட்டது.

2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் குற்றங்கள், பாலியல் வன்முறை உட்பட, வழக்கில் காரணமாகச் சொல்லப்பட்டன. அப்பா முணுமுணுத்துக்கொண்டே போய் உரித்துவிட்டு வந்தார். கண்ணாடியின் ஓரங்களில் பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த முறை மில் வாசலில் காத்திருந்தபோது எல்லாரும் பார்த்தார்களா என்று அம்மாவைக் கேட்டேன். "பாக்கட்டும்" என்றார். அன்றைக்கு இறங்கிப் போய் மில்லுக்கு எதிர்க் கடையில் மோர் வாங்கிக் குடித்ததாகவும் சொன்னார். ஒன்பது வருடம் கழித்து.

இப்போது நான் ஓட்டுகிறேன். வேலை செய்யும் கல்லூரியில் ஒரே ஒரு வேப்பமர வரிசை. அதன் கீழே பெயர்ப்பலகை போட்டு நிற்பவை பெரிய பதவிகளின் கார்கள். அந்தப் பதவிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால் நிழலும் பெரும்பாலும் ஆண்களுடையது. மைதானத்தின் கடைசியில் ஒரு புளியமரம் உண்டு. மாலை நான்கு மணிக்கு அதன் நிழல் அருமையாக இருக்கும். ஆய்வகம் முடிந்து ஏழு மணிக்கு வெளியே வரும் நாட்களில் அங்கே விளக்கு இல்லை, ஆள் இல்லை. அதனால் அந்த நாட்களில் காலையிலேயே முடிவு செய்துகொண்டு காரை விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், நாள் முழுக்க வெயிலில் போடுகிறேன். காரைக் குளுமையாக வைப்பதற்கு ஆண் சகாக்கள் நிறைய யோசனை சொல்வார்கள். இந்தக் கணக்கு அதில் இருக்காது.

வெயிலில் போடுவதென்று ஆன பிறகு செய்யக்கூடியவை சில உண்டு. முன்கண்ணாடிக்கு உள்ளே சன்ஷேட் வைப்பதைவிட வெளியே வெள்ளைத் துணி போர்த்துவது நல்லது, சூடு கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே நின்றுவிடும். நிறுத்தும்போது ஸ்டீயரிங்கை அரைவட்டம் திருப்பிவிட்டால் நான் பிடிக்கும் பகுதி வெயில் படாமல் கீழே போய்விடும். சீட் பெல்ட்டின் இரும்புமேல் ஒரு துண்டு. திரும்பி வந்ததும் ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கி, எதிர்ப்பக்கக் கதவை ஏழெட்டு முறை திறந்து மூடினால் உள்ளே தேங்கிய சூடு வெளியேறிவிடும். முதல் முறை இப்படிக் கதவை ஆட்டிக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்து, "மேடம், லாக் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். பிறகு கண்ணாடிகளை இறக்கியபடியே ஏசியைப் போட்டு ஒரு தெரு ஓட்டிவிட்டுத்தான் மூட வேண்டும். இதெல்லாம் அம்மா சொன்னதன் மிச்சம்தான். அம்பாசிடரில் எதிரெதிர்க் கதவைத் திறந்து முந்தானையால் விசிறியவர் அவர்.

அம்மாவுக்கு இப்போது சர்க்கரை. இன்சுலின் போடுகிறார், அது 30 டிகிரிக்கு மேல் தாங்காது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். மருந்தைக் காரில் விட்டுவைப்பதில்லை, அம்மாவையும். மருந்துக்கடையில் ஒரு நிமிட வேலை என்றாலும் "வாம்மா" என்று இறக்கிவிடுகிறேன். முட்டி வலிக்கிறது, நான் உள்ளேயே இருக்கிறேன் என்று அடம்பிடித்தால் எஞ்சினை அணைக்காமல் சாவியை அவர் பக்கமே விட்டுவிட்டு, பட்டன் வேலை செய்கிறதா என்று ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்கிறேன். "பைத்தியம்" என்பார். அழுத்தியும் காட்டுவார்.

போன மே மாதம் ஆஸ்பத்திரி வளாகத்தில் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மரத்தடி காலியானது. வளைக்கப் போனேன். "வேணாம்" என்றார் அம்மா. "டாக்டரப் பாத்துட்டு வர மூணு மணி ஆயிடும். அப்ப இங்க வெயில் வந்துடும்." வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு புதுக் கட்டடத்தின் தென்கிழக்கு மூலைக்கு நடந்து போனார். அப்போது அங்கே முழு வெயில். சுவரை அண்ணாந்து பார்த்தார், சூரியனைப் பார்த்தார், இரண்டு அடி தள்ளி நின்றார். பிறகு கையை ஆட்டி என்னைப் பின்னால் வரச் சொல்ல ஆரம்பித்தார். வா, வா, இன்னும் கொஞ்சம், ஒடிச்சு வா, போதும்.