வாகைக்குளத்து வானூர்தி

தாமிரபரணி பாயும் நெல்லைச் சீமைக்கு அண்மையிலுள்ள வானூர்தி நிலையம், தூத்துக்குடியைச் சார்ந்த வாகைக்குளத்தில் உள்ளது. அது நெல்லைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கே அமைந்துள்ளது. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்குப் புதிய முனையம் திறக்கப்பெற்றது. அங்கிருந்து சென்னை மீனம்பாக்கத்திற்கு வான்வழித் தொலைவு சுமார் 530 கிலோமீட்டர். நெல்லை விரைவு வண்டி இரவெல்லாம் ஓடிச் சென்னை சேரும். வானூர்தியோ ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சென்றடையும்.

ஆயினும், பறக்கும் நேரமே பயண நேரம் ஆகிவிடாது. நிலையம் சேர்தல், சோதனைக்குக் காத்திருத்தல், இறங்கியபின் ஊர் புகுதல் ஆகியவற்றையும் கூட்டினால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். எனினும், தாய் நோயுற்றாள் எனச் சென்னையில் காலையிற் கேட்ட மகன், ஊர்தியில் இடம் கிடைப்பின், பொழுது சாயுமுன் அவள் கட்டிலருகே அமரலாம். அப்பேறு சிறிதோ?

தொலைவைக் குறைக்கப் பொறி உதவும். புறப்படத் தூண்டுவது அன்பே. அன்பிலார்க்கு அடுத்த தெருவும் சேய்மையே.